பழைய காரில் கூலன்ட் கசிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் அல்லன். சிங்கப்பூரின் ஈசூனில் ஓர் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் நான்காம் தளத்தில் நிற்கும் 14 வயது ஜப்பானிய காரின் உரிமையாளன். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு மாத காலம் வாரம் தவறாமல் கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) தொட்டியில் தண்ணீர் ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தேன். கசிவு எங்கே என்று ஒரு முறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போகும் வழியில் உட்லண்ட்ஸ் கடற்பால நெரிசலில், பின்னிருக்கையில் அம்மாவை வைத்துக்கொண்டு, வெப்ப ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டது. எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. அதற்குப் பிறகு நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்டவற்றையும், நான் பட்டறைகளில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

காருக்கு அடியில் ஈரம் இருக்கிறது. கூலன்டா, ஏர்கான் தண்ணீரா?

விரலால் தொட்டுப் பாருங்கள். ஏர்கான் தண்ணீருக்கு நிறமில்லை, மணமில்லை, விரலில் சீக்கிரம் காய்ந்துவிடும். பெரும்பாலும் முன்பயணியின் கால் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே சொட்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் அரை மணி நேரம் ஏர்கான் ஓடினாலே தரையில் சிறு குட்டை கட்டிவிடும். அது இயல்பானது.

கூலன்ட் விரல்களுக்கிடையே வழுவழுக்கும். பச்சை, சிவப்பு, ரோஜா, நீலம் என ஏதாவது ஒரு சாயம் இருக்கும். லேசான இனிப்பு வாடை வரும், பாகு காய்ச்சும் அடுப்படியை நினைவூட்டும் வாடை. முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, சிறுநீரகத்தைக் கெடுக்கும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

தரையில் ஒரு சொட்டும் இல்லை, ஆனால் கூலன்ட் குறைகிறது. வெயிலில் ஆவியாகிவிடுமா?

ஆகாது. அது மூடிய சுற்று. ரிசர்வ் தொட்டியிலிருந்து மாதக்கணக்கில் மிகச் சிறிதளவு குறையலாம். மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு ஓரிரு மாதத்தில் இறங்கினால் எங்கோ போகிறது என்று பொருள். தரையில் தெரியாததற்குக் காரணம், சொட்டு சூடான எஞ்சின் மீதோ புகைபோக்கிக் குழாய் மீதோ விழுந்து அங்கேயே காய்ந்துவிடுவதாக இருக்கலாம். எஞ்சினுக்குள்ளேயே எரிந்து போவதாகவும் இருக்கலாம். இரண்டாவது பெரிய தொல்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

அளவைப் பார்ப்பதென்றால் எப்போதும் காலையில், எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும்போது, சமதளத்தில் பாருங்கள். ஓட்டிவிட்டு வந்ததும் பார்த்தால் விரிவடைந்த திரவம் அளவைக் கூட்டிக் காட்டும்.

வீட்டருகிலேயே கசிவைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. பாதிக் கசிவுகளைக் கண்ணும் டார்ச் விளக்கும் கண்டுபிடித்துவிடும் என்பது என் அனுபவம்.

இரவு காரை நிறுத்தியதும் அடியில் பழைய தமிழ் முரசுத் தாள்களை விரித்து வையுங்கள். அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் காற்று தூக்கிவிடும் என்பதால் மூலைகளில் கனமாக ஏதாவது வையுங்கள். தாளில் 'முன்', 'பின்', 'ஓட்டுநர் பக்கம்' என்று எழுதிவிட்டால் காலையில் குழப்பம் வராது. காரை நகர்த்துவதற்கு முன்னமே கறை எங்கே விழுந்திருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். முன் பம்பரை ஒட்டி விழுந்திருந்தால் ரேடியேட்டர் அல்லது அதன் குழாய்கள். பெல்ட்டுகள் ஓடும் பக்கத்தில் விழுந்திருந்தால் பெரும்பாலும் வாட்டர் பம்ப்.

அடுத்து, எஞ்சின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து, பகலாக இருந்தாலும் டார்ச் அடித்துப் பாருங்கள். நீங்கள் தேடுவது சொட்டை அன்று, காய்ந்த தடத்தை. கூலன்ட் காய்ந்த இடத்தில் உப்புப் பூத்ததுபோல் பொருக்கு கட்டியிருக்கும். என் காரில் அது ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினிய உடலும் சேரும் மடிப்பில் இருந்தது. இடக்கோடியிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு பொருக்கு. சுரண்டினேன், உதிர்ந்தது, அடியில் ஈரம். ஒரு மாதம் நான் ஊற்றியதெல்லாம் அந்த மயிரிழை விரிசல் வழியாகத்தான் போயிருந்தது. எஞ்சின் சூடேறி அழுத்தம் கூடும்போது மட்டும் வாய் திறந்து, ஆறியதும் மூடிக்கொள்ளும் விரிசல் அது. அதனால்தான் தரையில் ஒருநாளும் சொட்டவில்லை.

இதற்கும் பிடிபடவில்லை என்றால் பட்டறையில் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம்வரை காற்றேற்றுவார்கள். கால் மணி நேரம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் எங்கோ சொட்டும், தேடிப் பிடித்துவிடலாம். அதிலும் அகப்படாத நுண்கசிவுக்கு, புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைக் கூலன்டில் கலந்து சில நாள் ஓட்டச் சொல்வார்கள்.

முதலில் எதை மாற்றிப் பார்க்கலாம்?

எதையும் பாராமல் மாற்ற வேண்டாம். ஆனால் மலிவானது எது, முதலில் சந்தேகப்பட வேண்டியது எது என்று கேட்டால், ரேடியேட்டர் மூடி. பலர் அதை வெறும் தகர மூடி என்று நினைக்கிறார்கள். அதற்குள் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. ஒன்று சுற்றுக்குள் அழுத்தத்தைத் தேக்கி வைத்து, அளவு மீறினால் மட்டும் ரிசர்வ் தொட்டிக்குத் திறந்துவிடும். மற்றொன்று எஞ்சின் ஆறும்போது தொட்டியிலிருந்து திரவத்தைத் திரும்ப உள்ளே இழுக்க வழிவிடும்.

ஜப்பானிய கார்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஏறத்தாழ 'பார்' என்னும் அலகில் அழுத்தம். 1.1 பார் மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் ஏறத்தாழ 130 டிகிரிவரை தாங்கும். மூடியின் ரப்பர் வளையம் இறுகிப்போனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். திரவம் சீக்கிரம் கொதித்துத் தொட்டி வழியாக வழிந்துவிடும். ஆறிய பிறகு ரேடியேட்டரின் மேல் குழாய் சப்பி உள்வாங்கியிருந்தால் இரண்டாவது வால்வு ஒட்டிக்கொண்டது என்று பொருள்.

புதிய மூடி வாங்கும்போது அதே எண்ணுள்ளதாக வாங்குங்கள். அதிக அழுத்தம் தாங்கும் மூடி நல்லதுதானே என்று எண்ணிப் பெரிய எண்ணைப் போட்டால், பழைய காரில் அடுத்த பலவீனமான இடம் பிளந்துகொள்ளும்.

பழைய காரில் எந்தெந்த இடங்கள் கசியும்?

ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டிகளே முதல் இடம். பிளாஸ்டிக் ஆண்டுக்கணக்கில் சூடேறி ஆறி, பழுப்பேறி, நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கறுப்பாக இருந்தது காவி நிறத்துக்கு வந்திருந்தால் அதன் காலம் முடிகிறது. ஒட்டுப் பசை போட்டு அடைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரேடியேட்டரையே மாற்றிவிடுங்கள்.

பிறகு ரப்பர் குழாய்கள். ஆறிய நிலையில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே நறநறவென்று நொறுங்கினாலோ, கட்டைபோல் இறுகியிருந்தாலோ, பஞ்சுபோல் தளர்ந்திருந்தாலோ, கிளிப்பை ஒட்டி உப்பியிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். மேல் குழாய் பழுதானால் கீழ்க் குழாயையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டுக்கும் ஒரே வயது. தொழிற்சாலையில் போட்டுவரும் வில் கிளிப்பைப் பழசு என்று தூக்கி எறிய வேண்டாம். சூட்டில் குழாய் விரிந்து சுருங்கும்போது அதுவும் கூடவே விரிந்து சுருங்கிப் பிடியை விடாது. திருகு கிளிப்பை அளவுக்கு மீறி முறுக்கினால் அது குழாயையே அறுத்துவிடும்.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளிருக்கும் சீல் தேய்ந்தால் கூலன்ட் அந்தத் துளை வழியே வெளிவந்து உங்களை எச்சரிக்கும். அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு தடம் ஓடியிருந்தால் பம்பை மாற்றும் நேரம் வந்துவிட்டது. அந்தத் துளையை யாராவது அடைத்துத் தருகிறேன் என்றால் காரை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். டைமிங் பெல்ட் சுழற்றும் பம்பாக இருந்தால் பெல்ட்டையும் அப்போதே மாற்றுவது புத்திசாலித்தனம், ஏனென்றால் இரண்டுக்கும் பிரிக்கும் வேலை ஒன்றே.

ஐரோப்பிய கார்களில் தெர்மோஸ்டாட்டின் (சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) உறையும் ரிசர்வ் தொட்டியும் பிளாஸ்டிக்கில் இருப்பது அதிகம். அவற்றின் இணைப்புகளைக் கவனியுங்கள். உட்புறக் கால்விரிப்பு ஈரமாகி, கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்தால் ஹீட்டர் பெட்டி கசிகிறது. நம் ஊருக்கு வந்த பல ஜப்பானிய கார்களில் ஹீட்டரே கிடையாது. அவற்றின் உரிமையாளர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

என் மாமனார் 30 ஆண்டு வெறும் தண்ணீர் ஊற்றித்தான் ஓட்டினார். சிங்கப்பூரில் பனியா பெய்கிறது?

பனி பெய்யவில்லைதான். ஆனால் உறைவதைத் தடுப்பது கூலன்ட்டின் ஒரு வேலை மட்டுமே. கொதிநிலையை உயர்த்துவதும், துருவைத் தடுப்பதும், பம்ப் சீலுக்கு வழவழப்புத் தருவதும் இங்கேயும் வேண்டும். மாமனார் ஓட்டிய காலத்துக் கார்களில் செம்பும் பித்தளையும் கொண்ட ரேடியேட்டர், இரும்பு எஞ்சின். இப்போது ரேடியேட்டரும் சிலிண்டர் ஹெட்டும் அலுமினியம். வெறும் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும். எஞ்சின் உடலில் உள்ள தகட்டு அடைப்பான்களைத் துருப்பிடிக்க வைக்கும். அந்த அடைப்பான் ஓட்டையானால் அதை எட்டுவதற்கே பாதி எஞ்சினைப் பிரிக்க வேண்டிவரலாம்.

அவசரத்துக்குக் குடிதண்ணீர் ஊற்றலாம், தவறில்லை. வீடு வந்த பிறகு அதை வடித்துவிட்டுச் சரியான கலவையை நிரப்புங்கள். அடர்கூலன்ட் வாங்கினால் காய்ச்சி வடித்த நீரில் பாதிக்குப் பாதி. கலந்தே வருவதை வாங்கினால் அதில் மேலும் நீர் சேர்க்காதீர்கள்.

நிறம் ஒன்றாக இருந்தால் கலக்கலாமா?

கூடாது. நிறம் வெறும் சாயம். தொயோத்தா ரோஜா நிறத்திலும் ஹோண்டா நீலத்திலும் தருகின்றன என்பதற்காக, கடையில் கிடைக்கும் எல்லா ரோஜாவும் எல்லா நீலமும் ஒன்றாகிவிடாது. உள்ளே இருக்கும் துருத்தடுப்பு வேதிப்பொருள்தான் முக்கியம். பொருந்தாத இரண்டு கலந்தால் கூழாகித் திரண்டு ரேடியேட்டரின் நுண்குழல்களை அடைக்கக்கூடும். உங்கள் கார் கையேட்டில் சொல்லியிருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். முன்பு எதை ஊற்றினார்கள் என்று தெரியாவிட்டால் முழுவதும் வடித்து, கழுவி, புதிதாக நிரப்புங்கள்.

கசிவை அடைக்கும் திரவம் ஒரு புட்டி ஊற்றினால் போதுமாமே?

நான் ஊற்றமாட்டேன். அது எங்கே ஓட்டை, எங்கே வழி என்று அறியாது; நல்ல நுண்குழல்களையும் சேர்த்து அடைக்கும். ஈப்போவிலோ தைப்பிங்கிலோ நடுவழியில் மாட்டிக்கொண்டு, எப்படியாவது வீடு சேர வேண்டும் என்றால் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஊற்றியிருந்தால் பட்டறையில் மறைக்காமல் சொல்லுங்கள். சுற்றை முழுவதும் கழுவ வேண்டும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஊசி ஏறுகிறது. என்ன செய்வது?

ஏர்கானை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுவதும் திறந்து, மின்விசிறியை உச்சத்தில் வையுங்கள். எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். வியர்த்துக் கொட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பாக ஒதுங்க முடிந்த முதல் இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். 'அடுத்த வெளிவழிவரை போய்விடலாம்' என்ற எண்ணம்தான் எஞ்சினைக் கொல்கிறது. அன்று கடற்பாலத்தில் வரிசையை விட மனமில்லாமல் நானும் இன்னும் இருபது மீட்டர், இன்னும் இருபது மீட்டர் என்றுதான் நகர்ந்தேன்.

மூடியைத் தொடாதீர்கள். உள்ளே 100 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் இருக்கும் திரவம், மூடி தளர்ந்த நொடியில் கொதித்து முகத்தில் பாயும். குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருந்து, மேல் குழாயைத் துணி சுற்றிய கையால் அழுத்திப் பாருங்கள். இறுகியிருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது. தளர்ந்த பிறகு மூடியைக் கால் சுற்றுத் திருப்பி, சீறல் அடங்கியதும் கழற்றுங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம்.

விரைவுச்சாலையில் நின்றுவிட்டால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் கட்டணமின்றி அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம்வரை இழுத்துக்கொண்டு போய்விடும். காலாங்–பாய லேபார் விரைவுச்சாலையின் சுரங்கம் சுமார் 9 கிலோமீட்டர் நீளமுடையது. ஊசி ஏறத் தொடங்கியிருந்தால் அதற்குள் நுழையாமல் முன்னமே வெளியேறிவிடுங்கள்.

ஊசி நடுவிலேயே நிற்கிறது. அப்படியானால் பயமில்லையே?

அதை நம்பி இருக்க வேண்டாம். பல கார்களில் ஊசி, வெப்பம் ஓரளவு ஏறி இறங்கினாலும் நடுவில் நிற்கும்படியே அமைக்கப்பட்டிருக்கிறது. அது நகரத் தொடங்கும்போது நிலைமை முற்றியிருக்கும். இன்னொன்று: திரவம் மிகவும் குறைந்து உணரி வெறுங்காற்றில் தொங்கினால் ஊசி சரியாகவே காட்டாது. நெரிசலில் ஏர்கான் திடீரென்று குளிர்ச்சி குறைந்தால் அதையும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் கொதிக்கும்போது கணினி கம்ப்ரெசரை நிறுத்திவிடும் கார்கள் உண்டு.

ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்?

எஞ்சின் உடலுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கெட். அது பிய்ந்தால் கூலன்ட் எரிஅறைக்குள் போகும்; எரிந்த வாயு கூலன்டுக்குள் வரும். சூடான பிறகும் விடாமல் வெள்ளைப் புகை, அதில் இனிப்பு வாடை. ரிசர்வ் தொட்டியில் ஓயாத குமிழி. புறப்பட்ட சில நிமிடத்திலேயே மேல் குழாய் கல்போல் இறுகுவது. எண்ணெய்க் கோல் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வருவது. இவற்றில் எது கண்ணில் பட்டாலும் காரை ஓட்டிக்கொண்டு போகாமல் இழுத்துப் போகச் சொல்லுங்கள். உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று உண்டு: ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழலை வைத்து உள்ளிருக்கும் காற்றை நீல நிறத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றச் சொல்வதற்கு முன் இந்தச் சோதனையை உங்கள் கண்முன் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

ஆட்டோ கியர் கார்களில் இன்னொன்றையும் பாருங்கள். பலவற்றில் கியர் எண்ணெயைக் குளிரவைக்கும் குழல் ரேடியேட்டருக்குள்ளேயே போகிறது. அது உள்ளே ஓட்டையானால் இரண்டும் கலந்து, பண்டுங் போன்ற ரோஜாப் பால் நிறத்தில் திரளும். அந்த நிறம் தெரிந்தால் எஞ்சினைத் திரும்ப இயக்கவே வேண்டாம், கியர்பெட்டி போய்விடும்.

ஹைபிரிட் காருக்கும் இதேதானா?

எஞ்சின் பக்கம் இதேதான். பல ஹைபிரிட் கார்களில் இன்வெர்ட்டருக்கென்று தனிச் சுற்றும் தனித் தொட்டியும் உண்டு, இரண்டையும் பாருங்கள். ஆரஞ்சு நிற உறை போட்ட வயர்கள் உயர் மின்னழுத்தம். அவற்றின் பக்கம் கை போக வேண்டாம்.

பட்டறையில் என்ன சொல்ல வேண்டும்?

'கூலன்ட் குறைகிறது, எதை மாற்ற வேண்டுமோ மாற்றுங்கள்' என்று சொல்லாதீர்கள். 'இத்தனை நாளில் இவ்வளவு குறைந்தது, கறை இந்தப் பக்கம் விழுகிறது, அழுத்தச் சோதனை செய்து கசியும் இடத்தை எனக்குக் காட்டுங்கள்' என்று சொல்லுங்கள். கறை விழுந்த தாளையும் பொருக்கின் கைப்பேசிப் படத்தையும் காட்டுங்கள். சின் மிங், ஊபி, காக்கி புக்கிட் வட்டாரங்களில் பட்டறைகள் நெருக்கமாக இருப்பதால் இரண்டாவது கருத்துக் கேட்பது சிரமமில்லை. ரப்பரும் பிளாஸ்டிக்குமான பாகங்களில் மட்டும் பழைய காரிலிருந்து கழற்றியதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

நிரப்பிய பிறகு காற்றை வெளியேற்றினார்களா என்று கட்டாயம் கேளுங்கள். மூடியைத் திறந்துவைத்து, தெர்மோஸ்டாட் திறந்து மின்விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை இயக்கிக் குமிழிகளை வெளியே விட வேண்டும். காற்று தங்கினால் கசிவே இல்லாத காரும் கொதிக்கும்.

இத்தனை செலவு செய்ய இந்தக் கார் தகுமா?

வாகன உரிமைச் சான்றிதழில் (சிங்கப்பூரில் காரைச் சாலையில் வைத்திருக்கத் தேவைப்படும் காலவரம்புள்ள உரிமம்) எத்தனை ஆண்டு மிச்சம் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். ஐந்தாண்டுப் புதுப்பிப்பு எடுத்திருந்தால் அதை மறுபடி நீட்டிக்க இயலாது. பத்து வயது தாண்டிய காருக்குச் சாலை வரி 10 விழுக்காடு கூடும். ஆண்டுக்கு ஆண்டு ஏறி, 14 தாண்டினால் 50 விழுக்காடாகும். இவ்வளவு கொடுத்துச் சாலையில் வைத்திருக்கும் காரை, சில நூறு வெள்ளி ரேடியேட்டருக்குத் தயங்கி இழப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ரேடியேட்டர், குழாய், மூடி, பம்ப் ஆகியவற்றுக்கு யோசிக்காமல் செலவிடுங்கள். ஹெட் வளைந்து, சான்றிதழில் ஓராண்டுக்கும் குறைவாக மிச்சமிருந்தால் விட்டுவிடுவதே மேல் என்பது என் கருத்து.

வடித்த பழைய கூலன்டை வடிகாலில் ஊற்றலாமா?

வேண்டவே வேண்டாம். தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே சாலையோர வடிகாலில் விழுவது நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேருகிறது. புளோக்கின் கீழ்த்தளத்துப் பூனைகளும் அந்த இனிப்புக்கு நாக்கை நீட்டும். மிகச் சிறிதளவே அவற்றைக் கொன்றுவிடும். மூடியுள்ள புட்டியில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள். தரையில் சிந்தியதைப் பூனைமணல் தூவி உறிஞ்சி, வாரி, கட்டிப் போடுங்கள்.

சரிசெய்த பிறகு எவ்வளவு நாள் கவனிக்க வேண்டும்?

முதல் வாரம் தினமும் காலையில் தொட்டியைப் பாருங்கள். தங்கியிருந்த காற்று வெளியேறுவதால் ஓரிரு முறை சற்றுக் குறையலாம், நிரப்பிவிடுங்கள். இரண்டாம் வாரத்திலும் குறைந்தால் பட்டறைக்குத் திரும்புங்கள். கடற்பாலம் தாண்டும் நெடும்பயணத்தை அந்த இரண்டு வாரம் தள்ளிவையுங்கள். அடியில் விரித்த தாளையும் அதுவரை எடுக்க வேண்டாம்.